30,000 பேர் தஞ்சம் புகுந்த தோட்டம்

1923 செப்டம்பர் 1, சனிக்கிழமை. நண்பகலுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது டோக்கியோ குலுங்கியது. வீடுகளில் மதியச் சமையல் நடந்துகொண்டிருந்த நேரம். மரத்தால் கட்டிய வீடுகள் சரிந்து எரியும் அடுப்புகளின் மேல் விழ, ஊர் தீப்பற்றிக்கொண்டது. இரண்டு நாள் எரிந்தது. நிலநடுக்கத்திலும் தீயிலுமாக இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஏறத்தாழ 1,05,000 பேர். கைக்கு அகப்பட்டதைச் சுருட்டிக்கொண்டு ஓடியவர்களில் 30,000 பேருக்கும் மேல் கொய்ஷிகாவா பகுதியில் இருந்த ஒரு தோட்டத்துக்குள் புகுந்தார்கள். டோக்கியோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பூங்கா அது.

பலர் சில நாட்களில் போக்கிடம் தேடிக் கிளம்பினார்கள். போக்கிடம் இல்லாதவர்கள் அங்கேயே கொட்டகைகளில் குடியிருந்தார்கள். கடைசிக் குடும்பம் வெளியேறியபோது 1925 ஜனவரி ஆகிவிட்டது. பதினாறு மாதம் ஒரு ஆராய்ச்சித் தோட்டம் குடியிருப்பாக இருந்திருக்கிறது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தவற்றுள் ஒன்று தோட்டத்துக்குள் இருந்த பழைய கிணறு. அந்தக் கிணறு யாருக்காக வெட்டப்பட்டது என்பது இன்னும் இருநூறு ஆண்டு பின்னே போகும் கதை.

திறந்தவெளி எல்லாமே மனிதரைக் காப்பாற்றிவிடவில்லை என்பதையும் அந்த நாட்கள் காட்டின. சுமிதா ஆற்றின் கிழக்கே, ராணுவ உடைக்கிடங்கு இருந்த ஒரு வெற்று மைதானத்தில் ஒதுங்கியவர்களில் ஏறத்தாழ 38,000 பேரைத் தீச்சுழல் கொன்றது. மரமில்லாத இடம். தூக்கி வந்த தட்டுமுட்டுச் சாமான்களே விறகாயின. அதே பக்கத்தில், மரங்களும் குளமும் சூழ்ந்த கியோசுமி தோட்டத்தில் ஒதுங்கிய ஆயிரக்கணக்கானோர் பிழைத்தார்கள். நகரத்துக்கு நடுவே மரத்தோடு கூடிய நிலம் என்றால் என்ன என்பதை டோக்கியோ இப்படித்தான் கற்றது.

கொய்ஷிகாவா தாவரவியல் பூங்கா இன்றும் அங்கேயே இருக்கிறது. பரப்பளவு ஏறத்தாழ 16 ஹெக்டேர், நம் கணக்கில் 40 ஏக்கர். சுற்றிலும் அடுக்குமாடிகளும் ரயில் நிலையங்களும். உலகிலேயே நிலத்துக்கு அதிக விலை கேட்கும் நகரங்களில் ஒன்றின் நடுவே, ஒரு பல்கலைக்கழகம் இவ்வளவு இடத்தில் செடி வளர்த்துக்கொண்டிருப்பதா என்ற கேள்வி எழுவது இயல்பு. எந்த நாட்டிலும், எந்தப் பல்கலைக்கழகத்தின் நிதிக் கூட்டத்திலும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். விடுதி கட்டலாம், ஆய்வுக்கூடம் கட்டலாம், வாகன நிறுத்தம் கட்டலாம் என்பார்கள். இந்த ஆண்டு தோட்டம் எத்தனை ஆய்வுக் கட்டுரை தந்தது, எவ்வளவு வருமானம் தந்தது என்று கேட்பார்கள்.

கேள்வியே தவறான இடத்தில் தொடங்குகிறது. கொய்ஷிகாவாவின் முந்நூற்று நாற்பது ஆண்டு வரலாற்றில் அந்த நிலம் மக்களுக்குச் செய்த பெரிய உதவிகளைப் பார்த்தால், பெரும்பாலானவை எந்தத் திட்ட அறிக்கையிலும் முன்கூட்டி எழுதப்பட்டிருக்க முடியாதவை. நிலம் கலையாமல், செடி சாகாமல், வேலை தெரிந்த தோட்டக்காரர்களோடு இருந்தது. தேவை வந்தபோது கைகொடுத்தது.

தொடக்கம் 1684. அன்று நாட்டை ஆண்ட டோக்குகாவா ஷோகன்களின் குடும்ப மாளிகை இருந்த நிலத்தில் அரசு மூலிகைத் தோட்டம் ஒன்று அமைந்தது. அப்போது எடோ என்று அழைக்கப்பட்ட டோக்கியோவில் மருந்துச் சரக்குக்கு வெளிநாட்டையே பெரிதும் நம்பியிருந்தார்கள். எட்டாவது ஷோகன் யோஷிமுனே சிக்கனக்காரர். மருந்து வாங்கப் பணம் நாட்டைவிட்டு வெளியே போவதை அவர் விரும்பவில்லை. 1721ல் தோட்டத்தை ஏறக்குறைய இன்றைய அளவுக்கு விரிவாக்கினார். அதே ஆண்டு இன்னொரு காரியமும் செய்தார். குடிமக்கள் யார் வேண்டுமானாலும் ஷோகனுக்கே நேராக எழுதிப் போடலாம் என்று ஒரு மனுப்பெட்டி வைத்தார்.

அந்தப் பெட்டியில் 1722ல் விழுந்த ஒரு மனு ஓகாவா ஷோசென் என்ற ஊர் மருத்துவருடையது. கவனிக்க ஆளில்லாத ஏழை நோயாளிகளுக்கு ஒரு தர்மாஸ்பத்திரி வேண்டும் என்று கேட்டிருந்தார். கோரிக்கை ஏற்கப்பட்டது. மூலிகைத் தோட்டத்துக்குள்ளேயே மருத்துவமனை எழுந்தது. மருந்தும் சாப்பாடும் இலவசம். தொடக்கத்தில் 40 பேர் தங்க இடம்.

ஆனால் நோயாளிகள் வரவில்லை. தோட்டத்து மூலிகைகளை ஏழைகளின் உடம்பில் சோதித்துப் பார்க்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று ஊரில் பேச்சு. அந்தப் பயத்தை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. இலவசம் என்று அரசு கூப்பிட்டால் ஏழை ஒருமுறை யோசிப்பதற்கு எல்லாக் காலத்திலும் காரணம் இருந்திருக்கிறது. நகர நிர்வாகம் அப்போது செய்தது நல்ல வேலை. குடியிருப்புத் தலைவர்களைக் கூட்டி வந்து மருத்துவமனையைச் சுற்றிக்காட்டினார்கள். கதவைத் திறந்து காட்டியதும் பேச்சு அடங்கியது. வருவோர் பெருகி, இடம் போதாமல் விரிவாக்க வேண்டியதாயிற்று. 1868ல் ஷோகன் ஆட்சி முடியும் வரை, ஏறத்தாழ நூற்று நாற்பத்தைந்து ஆண்டுகள் அது நடந்தது. அகிரா குரோசாவாவின் ‘ரெட் பியர்ட்’ படத்தில், தோஷிரோ மிஃபுனே தாடியை நீவிக்கொண்டு வரும் மருத்துவராக நடித்தாரே, அந்த மருத்துவமனை இதுதான். 1965ல் வந்த படத்தைத் திரைப்படச் சங்கங்களில் பார்த்த தமிழர்கள் நிறையப் பேர் உண்டு. அந்த இடம் உண்மையில் இருந்தது என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியுமோ.

1923ல் தண்ணீர் கொடுத்த கிணறு, இந்தத் தர்மாஸ்பத்திரியின் கிணறு.

1732ல் மேற்கு ஜப்பானில் பெரும் பஞ்சம். தொடர்மழையும் நெற்பயிரைத் தாக்கும் தத்துப்பூச்சியும் சேர்ந்து விளைச்சலை அழித்தன. அரிசி ஒன்றையே நம்பியிருந்த ஊர்களில் மனிதர்கள் பட்டினியால் செத்தார்கள். தெற்குக் கோடியில் சர்க்கரைவள்ளிக்கிழங்கு பயிரிட்ட சாட்சுமா போன்ற இடங்கள் ஓரளவு தப்பின. அமெரிக்கக் கண்டத்திலிருந்து புறப்பட்டு, சீனா வழியாகத் தீவு தீவாக ஏறி வந்த கிழங்கு அது. நெல்லைப் பக்கம் சீனிக்கிழங்கு என்போமே, அதே கிழங்கு. வெப்பநாட்டுப் பயிர் என்பதால் குளிர்மிகுந்த எடோ வட்டாரத்தில் விளையுமா, விதைக்கிழங்கு பனிக்காலத்தைத் தாண்டுமா என்பது யாருக்கும் நிச்சயமில்லை.

அதைச் சோதித்துப் பார்க்கும் வேலை ஆவோக்கி கொன்யோ என்ற அறிஞரிடம் வந்தது. மீன் வியாபாரியின் மகன். நூல்களைப் படித்து, கிழங்கைப் பயிரிடும் முறையை எழுதி அரசுக்குக் கொடுத்திருந்தார். 1735ல் கொய்ஷிகாவா மூலிகைத் தோட்டத்தில் அவர் கிழங்கு நட்டார். விளைந்தது. முறையும் விதையும் கிழக்கு ஜப்பானில் பரவின. அரை நூற்றாண்டு கழித்து வந்த இன்னொரு கொடும் பஞ்சத்தில் அந்தக் கிழங்கு பல உயிர்களைக் காத்தது என்று ஜப்பானியர் இன்றும் நன்றியோடு சொல்கிறார்கள். கொன்யோவுக்கு மக்கள் வைத்த பெயர் ‘கிழங்கு வாத்தியார்’. தோட்டத்தில் அவர் நட்ட இடத்தில் ஒரு கல் நிற்கிறது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது மருந்துச் செடிக்கான தோட்டம். கிழங்குச் சோதனை அதன் வேலைப் பட்டியலில் இல்லை. ஆனால் வேலியிட்ட நிலமும், மண்ணின் தன்மை தெரிந்த ஆட்களும், ஒரு பருவம் தோற்றாலும் மறுபருவம் பார்க்கலாம் என்ற நிதானமும் அங்கேதான் இருந்தன. பஞ்சம் வந்த பிறகு இவற்றைப் புதிதாக உண்டாக்க முடியாது.

ஷோகன் ஆட்சி கவிழ்ந்த பின் தோட்டம் கைமாறிக் கைமாறி, 1877ல் டோக்கியோ பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதனுடன் இணைந்தது. பல்கலைக்கழகத்துக்குத் தோட்டம் எதற்கு என்பதற்கு ஐரோப்பா அதற்கு முன்பே பதில் வைத்திருந்தது. 1545ல் இத்தாலியின் பாதுவா பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்கள் மூலிகையை ஏட்டில் பார்க்காமல் செடியாகவே பார்த்துப் பழகத் தோட்டம் போட்டது. அதே இடத்தில் இன்றும் அது தொடர்கிறது. ஆக்ஸ்போர்டின் தோட்டம் 1621ல் வந்தது. கொய்ஷிகாவா வயதில் இவற்றுக்கு இளையது என்றாலும், மூலிகைத் தோட்டமாகவே பிறந்து பல்கலைக்கழகத்திடம் வந்து சேர்ந்தது.

வந்து சேர்ந்தபோது கூடவே ஒரு முதியவரையும் கூட்டிவந்தது. இட்டோ கெய்சுக்கே 1803ல் பிறந்தவர், மரபு மூலிகை அறிஞர். இளமையில் நாகசாகியில் ஜெர்மானிய மருத்துவர் சீபோல்டிடம் படித்து, மேற்கின் தாவரவியலை 1829லேயே ஜப்பானிய மொழிக்குக் கொண்டுவந்தார். மகரந்தம், மகரந்தத் தாள், சூலகம் ஆகியவற்றுக்கு ஜப்பானியப் பள்ளிப் பிள்ளைகள் இன்று சொல்லும் சொற்கள் அவர் அமைத்தவை. கலைச்சொல்லுக்காக நூறாண்டு போராடிய தமிழருக்கு இந்த வேலையின் அருமை புரியும். எழுபது வயதைத் தாண்டிய பிறகு அவர் இந்தத் தோட்டத்தில் பல்கலைக்கழகத்துக்காக வேலை செய்தார்.

ஆனால் தோட்டத்தின் பெயரை உலகம் அறியச் செய்தவர் பேராசிரியர் இல்லை, படம் வரைபவர்.

ஹிராசே சகுகொரோ 1856ல் பிறந்தவர். ஓவியப் பயிற்சி பெற்று, பள்ளியில் சித்திரம் கற்பித்துக்கொண்டிருந்தவர். 1888ல் தாவரவியல் துறையில் செடிகளை வரையும் வேலைக்கு வந்தார். பட்டம் எதுவும் இல்லை. உருப்பெருக்கியில் பார்த்து வரைந்தே பழகியவர், மெல்ல மெல்லத் தானே கேள்வி கேட்கத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்டது தோட்டத்தில் நின்ற பெரிய பெண் கிங்கோ மரம்.

கிங்கோ விந்தையான மரம். டைனோசர் காலத்து உறவுகள் எல்லாம் அழிந்து ஒற்றை வகையாக மிஞ்சியது. ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. வசந்தத்தில் காற்றில் வந்து விழும் மகரந்தம் பெண் மரத்துச் சூலுக்குள் நாலைந்து மாதம் காத்துக்கிடக்கும். கருவுறுவது இலையுதிர் காலம் நெருங்கும்போதுதான். அந்தச் சில நாட்களில் உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்க்க, சரியான நேரத்தில் காயைப் பறித்து, மெல்லிய சீவல்களாக அறுத்து, ஒவ்வொன்றாக உருப்பெருக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். நாள் தவறினால் அடுத்த ஆண்டு வரை காத்திருக்க வேண்டும். ஹிராசே ஆண்டுக்கணக்கில் செய்தார். ஐரோப்பாவின் பெரிய ஆய்வாளர்களும் கிங்கோவைப் பார்த்திருந்தார்கள்; அவர்கள் கண்ணில் படவில்லை.

1896 செப்டம்பர் 9ஆம் தேதி அவர் கண்ணில் பட்டது. மகரந்தத்திலிருந்து வெளிப்பட்ட விந்தணு நீந்திக்கொண்டிருந்தது. பாசிச்செடிகளிலும் பெரணிகளிலும் மட்டுமே நீந்தும் விந்தணு உண்டு, விதை தரும் தாவரங்களில் கிடையாது என்பது அதுவரை பாடம். அந்த மரம் இரண்டுக்கும் நடுவே நின்றது. அதே ஆண்டில், அவருக்குத் துணைநின்ற இக்கேனோ செய்இச்சிரோ சைக்கஸ் மரத்திலும் அதையே கண்டார். நம் நாட்டுமருந்துக் கடைகளில் மதனகாமப்பூ என்று விற்கிறார்களே, அது இந்தச் சைக்கஸ் பேரினத்து மரம் ஒன்றின் ஆண் கூம்பு. மேற்கின் பல்கலைக்கழகங்களைப் பார்த்துத் துறை தொடங்கி இருபது ஆண்டுகூட ஆகாத ஒரு நாட்டிலிருந்து இந்த இரண்டு செய்திகளும் போயின.

மறு ஆண்டே ஹிராசே பல்கலைக்கழகத்தைவிட்டு வெளியூரில் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு வாத்தியார் வேலைக்குப் போனார். 1912ல் இந்தக் கண்டுபிடிப்புகளுக்கு ஜப்பானிய அரச அறிவியல் கழகத்தின் பரிசு வந்தது. முதலில் இக்கேனோவுக்கு மட்டும் தர இருந்தார்கள் என்றும், ஹிராசேவுக்கு இல்லாத பரிசு தனக்கும் வேண்டாம் என்று அவர் மறுத்துவிட்டார் என்றும் சொல்வார்கள். இருவரும் பெற்றார்கள். மரத்தடியில் 1956ல் நினைவுக்கல் வைத்தார்கள். மரம் இன்னும் நிற்கிறது.

பட்டமில்லாதவருக்கு இடம் கொடுத்த கதை இதோடு முடியவில்லை. மக்கினோ தொமித்தாரோ ஆரம்பப் பள்ளியைக்கூட முடிக்காதவர். ஜப்பானின் கொச்சி மாநிலத்து அரிசிமது தயாரிப்பாளர் வீட்டுப் பிள்ளை. 1884ல் டோக்கியோ வந்து, தாவரவியல் துறைக் கதவைத் தட்டினார். உள்ளே விட்டார்கள், ஒரு கட்டத்தில் வெளியேயும் அனுப்பினார்கள், மறுபடி உதவியாளராக எடுத்தார்கள். 77 வயதில், 1939ல் அவர் பல்கலைக்கழகத்தைவிட்டு விலகினார். ஜப்பானின் தாவரங்களில் 1,500க்கும் மேற்பட்டவற்றுக்குப் பெயர் வைத்தவர் அவர். பட்டம் பெற்றவர்கள் அவரை நடத்திய விதத்தில் பெருமைப்பட அதிகமில்லை. ஆனாலும் வகுப்பறையில் இடம் கிடைக்காத மனிதருக்குச் செடியின் முன்னால் இடம் கிடைத்தது. தோட்டம் என்ற ஏற்பாட்டின் தனிக்குணம் இது. செடி தெரிந்தவன் யார் என்பதை அங்கே செடிதான் தீர்மானிக்கிறது.

தோட்டங்கள் ஒன்றுக்கொன்று காப்பாகவும் இருக்கின்றன. மெண்டல் பட்டாணியில் மரபியலைக் கண்ட பிர்னோ நகரத்து மடத்தில் திராட்சைக் கொடிகளும் வளர்த்தார். பேராசிரியர் மியோஷி மனாபு 1913ல் அங்கே போனபோது அந்தக் கொடியில் ஒரு கிளை கேட்டார். மறு ஆண்டு அது கொய்ஷிகாவாவுக்கு வந்து வேர்பிடித்தது. பின்னாளில் பிர்னோவில் இருந்த மூலக்கொடி அழிந்துபோனது. டோக்கியோவிலிருந்து கிளை திரும்பப் போய்த்தான் மெண்டலின் மடத்துக்கு மெண்டலின் திராட்சை கிடைத்தது. பக்கத்திலேயே நியூட்டனின் ஆப்பிள் மரத்து ஒட்டும் நிற்கிறது. 1964ல் இங்கிலாந்திலிருந்து வந்த அந்தக் கன்றில் நச்சுயிரி இருப்பது தெரிந்து, அதை நீக்கி மண்ணில் நட 1981 ஆயிற்று.

ஒரு கன்றுக்குப் பதினேழு ஆண்டு. எந்த நிதியாண்டுக் கணக்கில் இதை எழுதுவது?

டோக்கியோவுக்குத் தெற்கே ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் தொலைவில் ஒகசவாரா தீவுகள் இருக்கின்றன. உலகில் வேறெங்கும் இல்லாத செடிகள் பல அங்கே உண்டு. அவற்றில் ஒன்று மெலாஸ்டோமா பேரினத்துப் புதர். அதன் உறவுக்காரச் செடிகளை நம் மேற்குத் தொடர்ச்சி மலைச்சரிவுகளில் ஊதாப் பூவோடு யாரும் பார்க்கலாம். தீவில் அது குறைந்து குறைந்து, காட்டில் ஒற்றைச் செடி மட்டுமே தெரிந்த நிலைக்கு வந்தது. 1980களில் கொய்ஷிகாவா தோட்டத்தார் அதன் விதைகளை எடுத்து வந்து வளர்த்து, கன்றுகளைத் திரும்ப அதே தீவில் நட்டார்கள். வேறு சில அரிய செடிகளுக்கும் இதே வேலை தொடர்ந்தது. கப்பலில் ஒரு முழுநாள் பயணம், கையில் மண்தொட்டிகள். இதில் புகழும் இல்லை, பணமும் இல்லை.

இப்போது பணத்துக்கு வருவோம். 2004ல் ஜப்பானின் தேசியப் பல்கலைக்கழகங்கள் தன்னாட்சி நிறுவனங்களாக மாற்றப்பட்டன. பிறகு பல ஆண்டுகள் அரசு நிர்வாக மானியத்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 1 சதவீதம் குறைத்துக்கொண்டே வந்தது. கட்டுரை எழுதும் துறைகள் போட்டியிட்டு ஆய்வு நிதி வாங்கிக்கொள்ளும். தோட்டம் எங்கே போகும்? களையெடுப்பதற்கும் பட்டுப்போன கிளையை வெட்டுவதற்கும் யாரும் ஆய்வு நிதி தருவதில்லை. கொய்ஷிகாவா பொதுமக்களிடம் நன்கொடை கேட்டது. மக்கள் கொடுத்தார்கள். பழுதான பழைய கண்ணாடிக் குடிலுக்குப் பதிலாகப் புதியது 2019ல் திறந்தது. 2012லேயே அரசு இந்த இடத்தை நாட்டின் வரலாற்றுச் சின்னமாகவும் எழில்மிகு இடமாகவும் அறிவித்திருந்தது.

நன்கொடை தந்தவர்களை வணங்கலாம். ஆனால் அரசு இதைக் காட்டி விலகிக்கொள்ள அனுமதிக்கக் கூடாது. கண்ணாடிக் குடிலுக்கு நன்கொடை திரளும். திறப்புவிழா உண்டு, பெயர்ப்பலகை உண்டு. தோட்டக்காரரின் மாதச் சம்பளத்துக்கு அப்படித் திரளாது. தோட்டத்தின் உயிர் அந்தச் சம்பளத்தில் இருக்கிறது. ஒரு செடி எந்த மூலையில் நிழல் கேட்கும், எது எந்த வாரம் பூக்கும் என்பதை முப்பது ஆண்டு கைப்பழக்கத்தில் அறிந்தவர் ஓய்வுபெறும்போது, பக்கத்தில் நின்று கற்ற இளையவர் ஒருவர் இருந்தாக வேண்டும். அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால் நட்டம் உடனே தெரியாது. பத்து ஆண்டு கழித்துச் செடிகளின் பட்டியலில் தெரியும்.

தோட்டத்திடமும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 500 யென். அது பெரிய தொகை இல்லை. ஆனால் திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாட்களில் மாலை நாலரைக்கு வாசல் சாத்திவிடுகிறார்கள். வேலைக்குப் போகிறவர்கள் வார நாளில் அங்கே போக வழியே இல்லை. செர்ரி பூக்கும் நாளிலும், 2010ல் கிளைக்காத பூங்கொத்துகளில் உலகிலேயே மிகப்பெரியதான டைட்டன் ஆரம் விரிந்தபோதும் கூட்டம் வரிசையில் நின்றது. அந்த மக்களுக்குக் கோடை மாலைகளில் ஒன்றிரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்துவைத்தால் என்ன? அதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும் என்று பேச்சு மறுபடி அரசின் வாசலுக்கே போகும். போகட்டும். நன்கொடை கேட்டபோது வந்த மக்கள் இதையும் தங்கள் மாநகராட்சியிடமும் நாடாளுமன்ற உறுப்பினர்களிடமும் கேட்க வேண்டும். மூன்று நூற்றாண்டுக்கு முன்பு ஓர் ஊர் மருத்துவர் மனுப்பெட்டியில் போட்ட காகிதத்துக்கு ஓர் ஆண்டுக்குள் பதில் வந்தது.

கிங்கோவில் செப்டம்பரில் காய்கள் மஞ்சளாகத் தொடங்கும். சற்றுத் தள்ளி, தர்மாஸ்பத்திரியின் கிணறு இருக்கிறது.